ஸ்கேனில் கட்டி இல்லை என்றால் முதுகில் எதற்கு ஊசி?

கேள்வி: எனக்கு 28 வயது. நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் குழந்தை இல்லை. நான்கு மாதமாகத் தினமும் தலைவலி. காலையில் எழும்போதே தலை கனக்கும். சைனஸ் என்று ஆவி பிடித்தேன், தலைக்குக் குளிப்பதை நிறுத்தினேன், கண்ணாடியும் மாற்றினேன். குனிந்து கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் இரண்டு மூன்று நொடி கண் இருட்டுகிறது. ராத்திரி படுத்தால் வலது காதுக்குள் நாடித் துடிப்போடு சேர்ந்து 'உஸ் உஸ்' என்று சத்தம். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, இரண்டு கண்ணிலும் நரம்பு வீங்கியிருக்கிறது, உடனே நரம்பியல் டாக்டரிடம் போங்கள் என்றார். எம்ஆர்ஐ எடுத்தோம், கட்டி எதுவும் இல்லை. ஆனால் தலைக்குள் பிரஷர் அதிகமாக இருக்கலாம், முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். என் பிரஷர் 120/80 தான். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று அம்மா அழுகிறார். மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டு வருகிறோம். என் எடை 78 கிலோ, உயரம் 154 செ.மீ. கல்யாணத்துக்குப் பிறகு 11 கிலோ கூடிவிட்டது. ஐந்து மாதமாக முகப்பருவுக்கு டாக்சிசைக்ளின் கேப்சூல் சாப்பிடுகிறேன். ஊசி அவசியம்தானா? நான் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஊசி அவசியம். இந்த வாரமே போட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்பதை விளக்கமாகச் சொல்கிறேன். அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் வீட்டில் பாதிக் குழப்பம் 'பிரஷர்' என்ற சொல்லால் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நம் ஊரில் பிரஷர் என்றால் கையில் பட்டை கட்டிப் பார்க்கிற ரத்த அழுத்தம். உங்கள் மருத்துவர் சொன்னது வேறு. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றித் தெளிந்த நீர் ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. மொத்தம் சுமார் 150 மில்லி, ஒரு டீ கிளாஸ் அளவுதான். ஆனால் தினமும் அரை லிட்டர் அளவுக்குப் புதிதாகச் சுரக்கிறது. சுரக்கிற அளவுக்கு அது ரத்தக்குழாய்க்குள் வடிந்தாக வேண்டும். வடிவது மந்தப்பட்டால் அழுத்தம் ஏறும், ஏனென்றால் மண்டையோடு விரிந்து இடம் கொடுக்காது. கையில் பார்க்கும் பிரஷர் 120/80 ஆக இருக்கும்போதே தலைக்குள் இந்த அழுத்தம் இரண்டு மடங்காக இருக்கலாம். உங்கள் ரத்த அழுத்தம் சரியாக இருப்பது நல்ல செய்திதான். அது தாறுமாறாக ஏறினாலும் கண் நரம்பு வீங்கும் என்பதால், முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான்.

இதற்கும் 'தலையில் நீர் கோத்துக்கொள்வது' என்று நாம் சொல்வதற்கும் சம்பந்தம் இல்லை. தலைக்குக் குளிப்பதால் இந்த நீர் கூடாது, ஆவி பிடித்தால் குறையாது. தாராளமாகக் குளியுங்கள். தண்ணீர் குடிப்பதையும் குறைக்க வேண்டாம்.

தலைக்குள் ஏறும் அழுத்தம் கண்ணுக்கு எப்படி வருகிறது என்று கேட்பீர்கள். பார்வை நரம்பு மூளையின் நீட்சி. மூளையைச் சுற்றியுள்ள உறையும், உறைக்குள் இருக்கும் நீரும் அந்த நரம்போடு சேர்ந்து கண்ணின் பின்பக்கம் வரை வருகின்றன. தலையில் ஏறும் அழுத்தம் அந்த வழியாக அங்கேயும் நெருக்கும். மருத்துவர் கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்க்கும்போது நரம்பின் நுனி தெரியும். நல்ல கண்ணில் அது வெளிர் ஆரஞ்சு நிறத்தில், விளிம்பு தெளிவான ஒரு சிறு வட்டம். உங்களுக்கு அந்த விளிம்பு கலங்கியிருக்கும், வட்டம் மேலே எழும்பியிருக்கும். அதன் மேல் ஓடும் ரத்தக்குழாய் வீக்கத்துக்குள் புதைந்து கொஞ்ச தூரம் மறைந்து, மறுபடி வெளியே வரும். இதைத்தான் பாப்பிலெடிமா என்கிறோம். கண்ணாடிப் பவர் மட்டும் பார்த்து அனுப்பியிருந்தால் இது தெரிந்திருக்காது. சொட்டு மருந்து விட்டு, பாவை விரியும்வரை உங்களைக் காக்கவைத்துப் பார்த்தாரே, அந்தக் கண் மருத்துவர் உங்களுக்குப் பெரிய உதவி செய்திருக்கிறார்.

நீங்கள் எழுதியிருக்கும் மற்ற தொந்தரவுகளும் இதனோடு பொருந்துகின்றன. குனிந்து நிமிரும்போது சில நொடி கண் இருட்டுவது வீங்கிய நரம்பு நுனிக்கு ரத்தம் ஒரு கணம் தடைபடுவதால் வருவது. காதுக்குள் கேட்கும் 'உஸ்' சத்தம் காதுக்குப் பின்னால் மண்டைக்குள் ஓடும் பெரிய சிரைநாளத்திலிருந்து வருவது. அழுத்தம் ஏறியவர்களில் நிறையப் பேருக்கு அந்த நாளம் ஓரிடத்தில் குறுகியிருக்கும். குறுகிய இடத்தில் ரத்தம் பாயும் ஓசையைத்தான் கேட்கிறீர்கள். சிலருக்குக் கழுத்துவலி இருக்கும், சிலருக்குத் தூரத்தில் பார்க்கும்போது ஒன்று இரண்டாகத் தெரியும்.

சரி, ஸ்கேனில் ஒன்றும் இல்லையே என்ற கேள்விக்கு வருகிறேன். நரம்பு வீங்கியிருப்பதைப் பார்த்ததும் முதலில் பயப்பட வேண்டியது கட்டியை, அல்லது மூளைக்குள் நீர் அடைத்துக்கொண்டு தேங்குவதை. எம்ஆர்ஐ அவை இரண்டும் இல்லை என்று காட்டியிருக்கிறது. கட்டி இருக்கும்போது முதுகில் நீர் எடுத்தால் மூளை கீழ்நோக்கி இழுபட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் எப்போதும் ஸ்கேன் முதலில், ஊசி பிறகு. உங்கள் ஸ்கேன் நன்றாக இருப்பதால்தான் மருத்துவரால் தைரியமாக ஊசி போட முடிகிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்க வேண்டும். எம்ஆர் வீனோகிராம் எடுத்தார்களா? மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைநாளங்களை மட்டும் காட்டும் படம் அது. அங்கே ரத்தம் உறைந்து அடைத்தாலும் இதே தலைவலி, இதே நரம்பு வீக்கம் வரும். சாதாரண எம்ஆர்ஐயில் அது நழுவிப்போகலாம். சிகிச்சையோ முற்றிலும் வேறு. பிரசவமான சில வாரங்களில், கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடும்போது, உடம்பில் நீர் வற்றும்போது நம் பெண்களுக்கு இது வருவதைப் பார்க்கிறோம். கோயில் விசேஷம், வீட்டுக் கல்யாணம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடும் ஹார்மோன் மாத்திரையும் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். அப்படி ஏதாவது சாப்பிட்டிருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் வீனோகிராம் என்ற சொல் இல்லை என்றால் ஊசிக்கு முன்னால் அதைக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் 'எம்டி செல்லா' என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். நெடுநாள் அழுத்தத்தில் பிட்யூட்டரி சுரப்பி தட்டையாகி, அது உட்கார்ந்திருக்கும் குழி காலியாகத் தெரிவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எங்களுக்கு அது அழுத்தம் ஏறியிருப்பதற்கான தடயம்.

இனி ஊசி. உங்களை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, தாடையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேரே முதுகெலும்பின் நடுவில் ஓர் இடத்தை மரத்துப்போகச் செய்வார்கள். அந்த முதல் ஊசி சுருக்கென்று எரியும், அதற்குப் பிறகு தெரிவது பெரும்பாலும் அழுத்துவது போன்ற உணர்வுதான். நீர் வந்ததும் ஊசியோடு நெட்டாக ஒரு குழாயைப் பொருத்துவோம். குழாயில் சென்டிமீட்டர் கோடுகள் இருக்கும். தெளிந்த நீர் மெதுவாக ஏறி, மூச்சுக்கு ஏற்ப லேசாக மேலும் கீழும் ஆடி, ஓரிடத்தில் நிற்கும். அந்தச் சமயத்தில் முக்காமல், காலைத் தளர்த்தி, சாதாரணமாக மூச்சு விடுங்கள். உடம்பை இறுக்கினால் எண் பொய்யாக ஏறும். பெரியவர்களுக்கு 25 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அழுத்தம் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறோம். எந்த ஸ்கேனாலும் இந்த எண்ணைத் தர முடியாது. எடுத்த நீரைச் சோதனைக்கு அனுப்பி, கிருமித்தொற்று இல்லை என்றும் பார்ப்போம். காசநோய் மூளையுறையைத் தாக்குவது நம் நாட்டில் அரிதல்ல, அதனால் இதுவும் முக்கியம்.

அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்: தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே, முதல் இடுப்பு முள்ளெலும்பு அளவில் முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்கு இரண்டு மூன்று எலும்பு கீழே. அங்கே நீருக்குள் மிதக்கும் நரம்பு இழைகள்தான் இருக்கின்றன, ஊசி பட்டால் விலகிக்கொள்ளும். சிசேரியனுக்கு முதுகில் போடுகிறார்களே, கிட்டத்தட்ட அதே இடம்தான். தொந்தரவே வராது என்று சொல்ல மாட்டேன். சில நாள் ஊசி போட்ட இடத்தில் வலி இருக்கலாம். சிலருக்கு உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் ஒருவகைத் தலைவலி வரும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகப் போய்விடும், போகாவிட்டால் அதற்கும் வைத்தியம் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எதுவும் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இந்த ஊசியை 1891இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ஹைன்ரிக் க்விங்கே என்ற மருத்துவர். கட்டி இல்லாமலே தலைக்குள் அழுத்தம் ஏறும் நோயாளிகளை முதலில் விவரித்து எழுதியவரும் அவர்தான். பிறகு 1904இல் மாக்ஸ் நோனே அதற்குப் 'பொய்க்கட்டி' என்று பொருள்படும் பெயர் வைத்தார். நெடுங்காலம் 'தீங்கற்ற' அழுத்த உயர்வு என்றும் அழைத்தார்கள். அந்த 'தீங்கற்ற' என்ற சொல்லை இப்போது கைவிட்டுவிட்டோம், இதனால் பார்வை போனவர்கள் உண்டு என்பதால். இன்று ஐஐஎச் என்கிறோம், அதாவது காரணம் தெரியாமல் மண்டைக்குள் அழுத்தம் உயர்வது.

பார்வை போனவர்கள் என்று எழுதும்போது எனக்கு ஒரு பெண் நினைவுக்கு வருகிறார். பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்த்தவர். எட்டு மாதம் தலைவலிக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். இடையில் கண் பரிசோதனை முகாமுக்கும் போயிருக்கிறார். பலகையில் கடைசி வரிவரை வாசித்ததால் கண் நன்றாக இருக்கிறது என்று திரும்பிவிட்டார். என்னிடம் வந்தபோது அறைக்குள் நுழையும்போதே கதவு நிலையில் தோள் இடித்தது. வலது பக்கம் நின்ற அவருடைய மகன் கையைப் பிடித்துக்கொண்டபோதுதான் அவன் அங்கே நிற்பதே தெரிந்து திரும்பினார். அப்போதும் பலகையை வாசித்தார். நோய் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வந்து, நடுவை மட்டும் விட்டுவைத்திருந்தது. அறுவைச் சிகிச்சை செய்து அழுத்தத்தை இறக்கினோம், தலைவலி போய்விட்டது. ஆனால் போன ஓரப் பார்வை திரும்பவில்லை. தைக்கும் ஊசியில் நூல் கோக்க முடிகிற ஒருவரால் தெருவைத் தனியாகக் கடக்க முடியாமல் போனது.

அதனால் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது, பார்வைப் பரப்பு சோதனையை விடாதீர்கள். ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் தாடையை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்தபடி, ஓரங்களில் ஒளி மின்னும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு கண்ணுக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும். முதல் தடவை அலுப்பாக இருக்கும், தப்பும் வரும், அது எல்லோருக்கும் வருவதுதான். கூடவே ஓசிடி என்ற படம் எடுத்து நரம்பு வீக்கத்தை அளப்பார்கள். ஊசிக்கு முன்பே இந்த இரண்டும் கையில் இருக்கட்டும். நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைத் தலைவலியை வைத்துச் சொல்ல முடியாது. தலைவலி குறைந்தும் பார்வை போய்க்கொண்டிருக்கலாம். இந்தப் பரப்புப் படங்களைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் அந்த ஃபைல் உங்களோடு போகட்டும். பார்வை நாளுக்கு நாள் மங்குவதாகத் தெரிந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சில வாரங்களிலேயே பார்வையைப் பறிக்கும் வேகமான வகையும் இதில் உண்டு.

டாக்சிசைக்ளினைப் பற்றி. அதை இன்றே நிறுத்திவிட்டு, கொடுத்த மருத்துவரிடம் காரணத்தைச் சொல்லுங்கள். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் சிலருக்குத் தலைக்குள் அழுத்தத்தை ஏற்றும். நீங்கள் கேப்சூல் தொடங்கி ஒரு மாதத்தில் தலைவலி வந்திருக்கிறது. முழுப் பழியையும் அதன் மேல் போட முடியாது, எடையும் சேர்ந்திருக்கிறது. ஆனால் அது காரணம் என்று உறுதியானால் உங்களுடையது 'காரணம் தெரியாத' வகையே அல்ல. அதற்குப் பதிலாகப் பருவுக்கு வைட்டமின் ஏ சார்ந்த ஐசோட்ரெடினாயின் எழுதிக் கொடுத்தால் அதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதுவும் அழுத்தத்தை ஏற்றக்கூடியது, கருவைப் பாதிப்பதிலோ இன்னும் மோசம். ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். கடுமையான ரத்தசோகையால் கண் நரம்பு வீங்கி, இரும்புச்சத்து ஏற்றியதும் வடிந்தவர்கள் உண்டு. ராத்திரி பலமாகக் குறட்டை விடுகிறீர்களா என்று கணவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அடுத்து எடை. உங்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. ஆசிரியை வேலையும் வீட்டு வேலையும் சேர்ந்து பார்க்கும் ஒரு பெண்ணுக்கு 11 கிலோ எப்படி ஏறுகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்த நோய்க்கு வேரில் வைத்தியம் என்று ஒன்று இருந்தால் அது எடை குறைவதுதான். பிள்ளை பெறும் வயதிலுள்ள, சமீபத்தில் எடை கூடிய பெண்களையே இது அதிகம் பிடிக்கிறது. உங்கள் எடையில் நான்கிலிருந்து எட்டு கிலோ குறைந்தாலே நரம்பு வீக்கத்தில் மாற்றம் தெரியலாம். நோய் முழுவதும் தணிய 12 கிலோ அளவுக்குக் குறைய வேண்டியிருக்கலாம். பட்டினி வேண்டாம். சோற்றை ஒரு கரண்டி குறைத்துக் காயை இரண்டு கரண்டி கூட்டுங்கள். ஸ்டாஃப் ரூம் டீயில் சர்க்கரையை விட்டுவிடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் நான்கையும் தள்ளிவைத்தாலே உப்பு நன்றாகக் குறைந்துவிடும்.

மாத்திரை பெரும்பாலும் அசெட்டசோலமைடாக இருக்கும், கடையில் டயமாக்ஸ் என்று கிடைக்கும். தலைநீர் சுரப்பதை அது குறைக்கிறது. அமெரிக்காவில் 165 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. எல்லோருக்கும் உப்பும் கலோரியும் குறைந்த உணவு, பாதிப் பேருக்குக் கூடுதலாக இந்த மாத்திரை. ஆறு மாதத்தில் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பார்வைப் பரப்பு கூடுதலாகத் தேறியது. உணவுக் கட்டுப்பாடு மட்டும் இருந்தவர்களும் ஓரளவு தேறினார்கள் என்பதையும் கவனியுங்கள். சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வது போலிருக்கும், சோடாவின் சுவை கெட்டுப்போனது போலத் தெரியும். இதற்குப் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகக் கல் வராமலிருக்கத் தண்ணீர் நிறையக் குடியுங்கள். பொட்டாசியம் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தலைவலி மாத்திரையை எண்ணிச் சாப்பிடுங்கள். மாதத்தில் பாதி நாளுக்கு மேல் சாப்பிட்டால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். நான்கு மாதத் தினசரித் தலைவலியில் அந்தப் பங்கும் இருக்கலாம். அறுவைச் சிகிச்சையைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். நீரை வயிற்றுக்குத் திருப்பும் ஷன்ட் குழாய், கண் நரம்பின் உறையில் சிறு திறப்பு, குறுகிய சிரைநாளத்தில் ஸ்டென்ட் என்று வழிகள் உண்டு. மருந்துக்குக் கேட்காமல் பார்வை குறைகிறவர்களுக்கு மட்டும் அவை.

கடைசியாக, நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருக்கும் குழந்தைக் கேள்வி. தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். இந்த நோய் கருப்பையையோ குழந்தையையோ தொடுவதில்லை. இதற்காகவே சிசேரியன் செய்ய வேண்டியதும் இல்லை, மற்றக் காரணங்கள் இல்லாவிட்டால் சுகப்பிரசவம் ஆகலாம். ஆனால் ஆறேழு மாதம் பொறுங்கள். நரம்பு வீக்கம் வடியட்டும், எடை கொஞ்சம் இறங்கட்டும். முயற்சி தொடங்கும் முன்பே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். டோபிரமேட் என்ற மாத்திரை எழுதியிருந்தால் அதைக் கர்ப்பத்துக்கு முன்பே மாற்றியாக வேண்டும், அது கருவுக்கு ஆகாது. டயமாக்ஸையும் முதல் மூன்று மாதம் தவிர்க்கவே பார்ப்போம். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் வருகிறது என்றால் மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இந்த நோயோடு சேர்ந்தே வருவதுண்டு. எடை இறங்கினால் அதற்கும் நல்லது.

ஊசி போடும் அன்று அம்மாவையும் அழைத்துப் போங்கள். குழாயில் நீர் எந்தக் கோட்டில் நின்றது என்று மருத்துவரிடம் கேட்டு, உங்கள் ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பார்வைப் பரப்புப் படத்தோடு அந்த எண்ணையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், அடுத்தது என்ன என்று பார்ப்போம்.